வெளிப்பேரும் வீட்டுப்பேரும்

அன்புள்ள தானியேலுக்கு அம்மா எழுதுவது.

நீ கோபித்துக்கொண்டு காட்டுப்பாக்கத்துக்குப் போன பிறகு மழை ஒரு முறை ஓய்ந்து, மறுபடியும் பிடித்துக்கொண்டது. உன் கூட்டாளியின் அறையில் வெறுந்தரையில் படுக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். உன் போர்வையையும் இந்தக் கடிதத்தையும் கன்னியப்பன் மாமாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். கடிதத்தைப் படிக்க மனமில்லாவிட்டாலும் போர்வையை வாங்கிக்கொள். அன்றைக்கு நீ கேட்டதற்குப் பதில் இதில் இருக்கிறது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒவ்வொரு கேட்டாக ஏறி இறங்கிய பிள்ளை நீ. இப்போது ஒரு அரசாங்க வேலை கைக்கு எட்டுகிற தூரத்தில் வந்திருக்கிறது. தானியேல் என்கிற பேரை விட்டுவிட்டு, தனபால் என்று, இந்து என்று சாதி சர்டிபிகேட் எழுதி வாங்கிவந்தால் வேலை நிச்சயம் என்கிறார்கள். அதற்குத் தாலுகா ஆபீசுக்கு வந்து ஒரு வார்த்தை சொல் என்று என்னைக் கூப்பிட்டாய். நான் பேசாமல் நின்றேன். உனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. “கையில இருந்த சர்க்கார் வேலைய எவன்மா வுடுவான்? நைனா வுட்டுட்டு செத்தும் பூட்டாரு. நானும் அப்டியே சாவணுமா?” என்று கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாய்.

நீ கேட்டதில் தப்பில்லை. உன் நைனா ஏன் வேலையை விட்டார் என்று உனக்கு யாரும் முழுதாகச் சொன்னதில்லை. சர்ச்சில் சிலர் அவரைப் பிழைக்கத் தெரியாதவர் என்று சொல்வார்கள். உன் மாமன் அதைவிடக் கடுமையாகச் சொல்வான். அதையெல்லாம் கேட்டு வளர்ந்தவன் நீ. நான் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம், சொல்ல வேண்டுமென்றால் உன் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு எனக்குத் தெம்பு இருந்ததில்லை. இப்போதும் இல்லை. ஆனாலும் நீ ஒரு முடிவெடுக்கப் போகிறாய். நடந்தது தெரியாமல் எடுக்கக்கூடாது.

நம் குடும்பங்கள் இரண்டும் பூந்தமல்லிப் பக்கம் வயலில் கூலிக்கு நின்ற குடும்பங்கள். உன் நைனாவின் அப்பா காலத்திலேயே வேதத்துக்கு வந்து கிறிஸ்தவர்களாகிவிட்டோம். வந்தோமே தவிர, ஊரில் எங்களை நிறுத்தி வைத்த இடம் மாறவில்லை. டீக்கடையில் அதே தனிக் கிளாஸ்தான். ஆனால் அரசாங்கக் கணக்கில் மட்டும் மாறிவிட்டோம். நம் சாதிக்காரன் இந்துவாக இருந்தால் வேலையில் அவனுக்கென்று ஒதுக்கிய இடம் உண்டு, கிறிஸ்தவனாக இருந்தால் கிடையாது. அதனால் நம் சனத்தில் பலருக்கு இரண்டு பேர் இருந்தது. உன் நைனா வீட்டிலும் சர்ச்சிலும் சாமுவேல். ஆவடியில் அவர் வேலை பார்த்த அரசாங்க ஸ்டோரில் ஏழுமலை. அதை அவர் சூது என்று நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. நம்மிடமிருந்து பறித்துக்கொண்டதில் கொஞ்சத்தைத் திருப்பி எடுக்கிறோம் என்றுதான் நினைத்தோம். இன்றைக்கும் அந்த நினைப்பைத் தப்பென்று என்னால் சொல்ல முடியாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே படி.

ஸ்டோரில் எங்களுக்கு ஒரு லைன் வீடு கொடுத்திருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் கன்னியப்பன் குடும்பம். எதிரே, பக்கத்தில், எல்லாம் ஸ்டோர் ஆட்கள். அங்கே உன் அக்கா ரூத்துவுக்கு ரேவதி என்று பேர். நீ தனபால். ஆமாம், அந்தப் பேர் உனக்குப் புதுசில்லை. பேச்சு வந்த நாளிலிருந்து உங்களுக்கு வெளிப்பேர், வீட்டுப்பேர் என்று பிரித்துச் சொல்லிக் கொடுத்தோம். நீ சின்னவன், அடிக்கடி மாற்றிச் சொல்லிவிடுவாய். அவள் ஓடிவந்து உன் வாயைப் பொத்துவாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயசு.

வருஷத்தில் மற்ற நாளெல்லாம் எப்படியோ ஓடிவிடும். ஆயுதபூஜையிலிருந்து கிறிஸ்துமஸ் வரைக்கும்தான் பெரும்பாடு. ஆயுதபூஜை அன்று ஸ்டோரில் பூசணிக்காய் உடைத்து எல்லார் நெற்றியிலும் திருநீறு பூசுவார்கள். உன் நைனா பூசிக்கொண்டு, வரும் வழியில் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வருவார். நெற்றி சிவக்கும் அளவுக்குத் தேய்த்திருப்பார். தீபாவளிக்கு நான் அதிரசம் சுட்டு லைன் முழுக்கக் கொடுப்பேன். உங்களுக்குப் புதுத் துணி அப்போதே எடுத்துவிடுவோம். எடுக்காவிட்டால் அக்கம்பக்கத்தில் ஏன் என்று கேட்பார்கள். அதே துணியை மடித்து வைத்து, டிசம்பரில் பூந்தமல்லிக்குப் பஸ் ஏறிப்போய், உன் மாமன் வீட்டில் வைத்து உடுத்திவிட்டு சர்ச்சுக்குக் கூட்டிப்போவோம். திரும்பி வரும்போது மறுபடியும் பழைய துணி. நம் பண்டிகையைக் களவு போல ஒளித்துச் செய்தோம். ரூத்துவுக்கு நல்ல குரல். பூந்தமல்லியில் பாடினால் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஆவடி வந்ததும் வாயை மூடிக்கொண்டு மூக்காலேயே அதே பாட்டை முனகிக்கொண்டு பாத்திரம் தேய்ப்பாள். யாரும் அவளுக்கு அப்படிச் செய்யச் சொல்லித்தரவில்லை. அவளே கண்டுபிடித்துக்கொண்டாள்.

அரிசிக்குத் திண்டாடிய காலம் அது. அந்த வருஷம் தீபாவளி கழிந்து மழை கொட்டிக்கொண்டிருந்தபோது அவளுக்குக் காய்ச்சல் கண்டது. தொண்டை வலிக்கிறது என்றாள். மழைக்காலத்துச் சளி என்று கஷாயம் வைத்துக் கொடுத்தேன். கழுத்து இரண்டு பக்கமும் வீங்கியபோதுதான் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். உள்ளே சாம்பல் பூத்தாற்போல ஒரு படலம். கன்னியப்பன் எங்கேயோ போய் ஒரு வேன்காரனைக் கூட்டிவந்தார். பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தொண்டை அடைப்பான் என்றார்கள், முன்னாலேயே கொண்டுவந்திருக்கலாம் என்றார்கள். அந்த வார்த்தையைச் சொன்ன டாக்டர் முகம்கூட எனக்கு ஞாபகமில்லை. வார்த்தை மட்டும் இருக்கிறது.

வார்டில் ஒரு நர்ஸம்மா வந்தாள். நல்ல பெண். ரூத்துவின் தலையைத் தடவி, பேச்சு கொடுத்தால் பயம் போகும் என்று நினைத்தாளோ என்னவோ, உன் பேர் என்ன கண்ணு என்று கேட்டாள். ரூத்து அவளைப் பார்க்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்ற உன் நைனாவைப் பார்த்தாள். மூச்சு விடவே இழுத்துக்கொண்டிருந்த பிள்ளை. குரல் காற்றாக வந்தது.

“ஊட்டுப்பேரு சொல்லட்டா நைனா, வெளிப்பேரா?”

நர்ஸுக்கு அது புரியவில்லை, ஜுரத்தில் பிதற்றுகிறாள் என்று நினைத்து நகர்ந்துவிட்டாள். உன் நைனா கட்டில் கம்பியைப் பிடித்திருந்தார். பிடித்த கையை எடுக்க அவருக்கு வெகு நேரம் ஆனது. அதற்குப் பிறகு ரூத்து ஏதாவது பேசியிருந்தால் அந்தக் கேள்வி இவ்வளவு பெரிதாக ஆகியிருக்காது. அவள் பேசவில்லை. மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் போய்விட்டாள். தானியேல், உன் அக்கா இந்த உலகத்தில் கடைசியாகப் பேசியது அதுதான்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது லைன் முழுக்கக் கூடியிருந்தது. அவர்கள் நல்லவர்கள், அதை நான் மறக்கவே மாட்டேன். கன்னியப்பன் மூங்கில் வாங்கி வந்துவிட்டார். அவர் சம்சாரம் ரூத்துவுக்கு மஞ்சள் பூசி, பூ வைத்து, நெற்றியில் பொட்டு வைத்தாள். எனக்குத் தடுக்கத் தோன்றியது. தடுத்தால் சொல்ல வேண்டும். சொன்னால் வேலை போகும். அந்த நிலையிலும் என் மூளை அந்தக் கணக்கைப் போட்டது. பூந்தமல்லிக்குச் சொல்லி அனுப்பினால் போதகர் வருவார், கல்லறைத் தோட்டத்தில் என் அப்பா பக்கத்தில் அவளுக்கு இடம் இருக்கும். நான் உன் நைனாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏரிக்கரைக்குப் பின்னால் இருக்கிற புதைகாட்டுக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் போவதில்லை. நான் உன்னை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். அக்கா எங்கே போகிறாள் என்று நீ கேட்டாய்.

அங்கே நடந்ததைக் கன்னியப்பன்தான் பிறகு எனக்குச் சொன்னார். குழியில் இறக்கியாகிவிட்டது. மழை தூறிக்கொண்டிருந்தது, குழிக்குள் தண்ணீர் ஊறியது. யாரோ ஒரு சொம்பில் பால் கொடுத்து, ரேவதின்னு பேரைச் சொல்லி ஊத்துப்பா என்றார்கள். உன் நைனா சொம்பை வாங்கிக்கொண்டு நின்றார். அழுகிறார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் அழவில்லை.

“இவ பேரு ரேவதி இல்ல. ரூத்து. நாங்க வேதக்காரங்க” என்றார்.

ஸ்டோர் ஆட்கள்தான் அத்தனை பேரும். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். கடைசியில் கன்னியப்பன் போய் அவர் கையிலிருந்த சொம்பை வாங்கிக் கீழே வைத்தார். “சரி மச்சான். உங்க ஜெபம் இன்னாவோ அத்த சொல்லு. கொழந்த மழையில நனைஞ்சிகினு கீது” என்றார். உன் நைனா சத்தமாக ஜெபம் சொன்னார். தினமும் சொல்கிற ஜெபம், பாதியில் மறந்துவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து சொன்னார், மறுபடியும் அதே இடத்தில் நின்றுவிட்டது. அத்தோடு மண்ணைத் தள்ளினார்கள்.

அடுத்த நாள் கன்னியப்பன் வீட்டுக்கு வந்தார். வந்திருந்த அத்தனை பேரிடமும் பேசிவிட்டதாகவும், ஒருவன் வாயிலிருந்தும் இது வெளியே போகாது என்றும் சொன்னார். பிள்ளையைப் பறிகொடுத்தவன் வயிற்றில் அடிக்க இங்கே எவனும் இல்லை என்றார். நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். உன் நைனாவும் தலையாட்டினார். ஆனால் அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. வேலைக்குப் போவார், வருவார். ஸ்டோரில் யாராவது ஏழுமலை என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லையாம், தோளைத் தொட்டுக் கூப்பிட வேண்டியிருந்ததாம்.

டிசம்பர் பிறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியிலிருந்து திரும்பியதும், நாளைக்குப் போய் ஆபீசரிடம் சொல்லிவிடப் போகிறேன் என்றார். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். ரூத்து போய்விட்டாள், இருக்கிறவனுக்குச் சோறு வேண்டாமா என்று கேட்டேன். யாரும் கேட்காததை ஏன் போய்ச் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். கடவுளுக்குத் தெரிந்தது போதாதா என்றுகூடக் கேட்டேன். அவர் என்னோடு வாதாடவில்லை. என் கையை விலக்கிவிட்டு உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டார். நான் அவர் பக்கம் நிற்கவில்லை, தானியேல். உனக்கு இப்போது வந்த கோபம் அன்றைக்கே எனக்கு வந்தது.

ஆபீசர் கெட்டவர் இல்லை. துக்கத்தில் இருக்கிறாய், லீவு போட்டுவிட்டு வீட்டுக்குப் போ, நான் இதைக் கேட்கவே இல்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார். மூன்றாவது முறையும் போய் நின்றபோது, இனி கேட்காத மாதிரி இருந்தால் என் வேலை போகும் என்று சொல்லி, தானாகவே விலகுவதாக எழுதி வாங்கிக்கொண்டார். கேஸ் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டார். லைன் வீட்டைக் காலி செய்தோம். கள்ளிக்குப்பத்தில் ஓலை வேய்ந்த ஒரு அறைக்கு வந்தோம்.

சர்ச்சிலாவது நம்மை அணைத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். நடந்தது வேறு. எங்களைப் போலவே இரண்டு பேரோடு இருந்தவர்கள் அங்கே அநேகம். இவர் வாயைத் திறந்ததால் இனி தங்களையும் தோண்டுவார்கள் என்று பயந்தார்கள். நாங்கள் உட்கார்ந்த வரிசையில் மற்றவர்கள் உட்காரவில்லை. உன் மாமனே அவரைப் பார்த்து, நீ மட்டும் யோக்கியன், நாங்களெல்லாம் திருடர்களா என்று கேட்டான். அதற்கு உன் நைனா, யாரையும் அப்படிச் சொல்லவில்லை, என்னால் முடியவில்லை, அவ்வளவுதான் என்றார். போதகர் வந்து ஜெபித்துவிட்டுப் போனார். சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்குத்தான் முதன்முதலாக எங்கள் வாசலில் நட்சத்திரம் கட்டியிருக்கலாம், ஒளிக்க எதுவும் இல்லை. ஆனால் துக்க வீட்டில் கட்டுவதில்லை. பாடிக்கொண்டு வந்தவர்களும் எங்கள் வாசலைத் தாண்டிப் போய்விட்டார்கள். பண்டிகை அன்று மத்தியானம் ஒரே ஒரு ஆள் வந்தார். கன்னியப்பன். அடுக்குப் பாத்திரத்தில் சோறும் குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு, வாசலிலேயே நின்று, “சாமுவேலு, சாப்புடலாம் வா” என்று கூப்பிட்டார். அந்தப் பேரை அவர் அன்றைக்குத்தான் முதல் முறையாகச் சொன்னார். உன் நைனா அப்போதுதான் உடைந்து அழுதார், ரூத்து போன பிறகு முதல் தடவையாக.

அதற்கப்புறம் உனக்கே தெரியும். வேலப்பன்சாவடியில் லாரிகளுக்குச் செங்கல் ஏற்றினார். எடை பார்த்து, கணக்கு எழுதி, நிழலில் நின்று பழகிய உடம்பு அது. நான் விடுதியில் சமையலுக்குப் போனேன். நீ பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டதுதான் பல நாள் உனக்குச் சாப்பாடு. அவருக்கு இருமல் பிடித்து, ரத்தமாக வந்து, நீ எட்டாவது படிக்கும்போது போனார். அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கும் உயிரோடு இருந்திருப்பார். நீ இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டாய். இதையெல்லாம் தியாகம் என்று சொல்லி உன்னிடம் அழகுபடுத்த எனக்கு மனமில்லை. பசி பசிதான். உண்மையைச் சொன்னால் கடவுள் கைவிடமாட்டார் என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். நான் பார்த்த வரையில் அது அவ்வளவு சுலபமாக இல்லை.

படுக்கையில் இருந்தபோது ஒரு நாள் அவரிடம் கேட்டேன். சொன்னதற்காக வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். ஆமாம் என்று அவர் சொல்ல வேண்டும் என்று எனக்குள்ளே இருந்தது. அவர் கொஞ்ச நேரம் இருமிவிட்டுச் சொன்னார்.

“வேல பூட்டுச்சேன்னு அழுதுகீறேன். இவன் சோத்துக்கு நின்னப்போ அழுதுகீறேன். ஆனா அவ கேட்டாளே, அத்த இவனும் ஒரு நாளு என் மூஞ்சப் பாத்துக் கேட்டுட்டா நான் இன்னா பண்றது?”

இவன் என்று அவர் சொன்னது உன்னை. நீ அப்போது வெளியே குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாய். ரூத்துவுக்காகத்தான் அவர் வேலையை விட்டார் என்று அதுவரைக்கும் நான் நினைத்திருந்தேன். போனவளுக்கு அவர் என்ன செய்ய முடியும்? இருந்தவனுக்காகத்தான் செய்திருக்கிறார். அது உனக்கு நல்லதாக முடிந்ததா, கெட்டதாக முடிந்ததா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நீதான் சொல்ல வேண்டும்.

நீ தாலுகா ஆபீசுக்குக் கூப்பிட்டால் வருவேன். இதை நான் யோசித்துத்தான் எழுதுகிறேன். உன்னைப் பசியோடு நிறுத்திவைக்க எனக்கு உரிமை கிடையாது. நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டவர்கள் யாரும் நம்மைப்போல உட்கார்ந்து மனசைப் பிசைந்துகொண்டிருக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். நீ அந்த வேலைக்குப் போனால் உன்னைக் கேவலமாக நினைக்கமாட்டேன். போகாவிட்டால் பெரிய ஆள் என்று கொண்டாடவும் மாட்டேன். ஆனால் ஒன்று கேட்டுக்கொள். இரண்டு பேரோடு இருப்பது பெரியவர்களுக்குச் சுமை, சுமந்துவிடலாம். பிள்ளைகள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். நாம் யார் என்பதே சொல்லக்கூடாத ஒன்று என்று அவர்கள் புரிந்துகொள்கிறார்கள். நாங்கள் அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவள் அப்படித்தான் கற்றுக்கொண்டாள்.

உனக்கும் கல்யாணமாகும், பிள்ளை பிறக்கும். அதற்கு ஒரே ஒரு பேர் வை. அது எந்தப் பேராக இருந்தாலும் சரி, இந்துப் பேராகவே இருந்தாலும் நான் வாயைத் திறக்கமாட்டேன். யார் கேட்டாலும் அந்தப் பிள்ளை யார் முகத்தையும் பார்க்காமல் பளிச்சென்று சொல்ல வேண்டும். தெருக்கோடியில் நின்று நீ அந்தப் பேரைக் கத்திக் கூப்பிட வேண்டும். அதைக் கேட்டுப் பிள்ளை, தான் இருக்கிற இடத்திலிருந்தே, இதோ வரேன் நைனா என்று கத்த வேண்டும்.

அம்மா